கொரோனாவும் கிரிவலமும்
(திருவண்ணாமலையில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



சர்க்கார் ஒரு தொத்துவியாதியைப் பற்றி எச்சரிக்கை செய்தால் நம் ஜனங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்ளுகிறார்கள், ஏன் அப்படி எடுத்துக்கொள்ளுகிறார்கள் என்பதைப்பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். விஷயம் பழையதாகிவிட்டதே என்று சிலர் நினைக்கலாம். பழையதாகவில்லை. 2025-ஆம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் கொரோனா மறுபடியும் சிறிது தலைதூக்கி, இந்தியா முழுவதிலும் சிகிச்சையில் இருந்தவர்களின் எண்ணிக்கை 7,000-க்கு மேலே போயிற்று. அப்போது உத்தியோகஸ்தர்கள், "வயதானவர்களும் நோயாளிகளும் ஜாக்கிரதையாயிருங்கள், கூட்டத்தில் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னார்கள். ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்களா?" என்று சிரித்தார்கள். நல்லவேளையாக அந்தத் தடவை வியாதி கடுமையாக இல்லை. ஆனால் வியாதி கடுமையா இல்லையா என்று தெரிந்துகொண்டபிறகு அவர்கள் சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளுவதற்கு முன்பே சிரித்தார்கள். நாம் பேசவந்தது அந்தச் சிரிப்பைப்பற்றித்தான்.

இந்த ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். பௌர்ணமியன்று லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறார்கள். ஒலிபெருக்கியில் போலீசார், "திருடர்கள் இருக்கிறார்கள், நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுகிறார்கள். சொன்ன உடனே என்ன நடக்கிறது? ஸ்திரீகள் எல்லோரும் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப்பார்த்து முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளுகிறார்கள். ஆண்கள் சட்டைப்பையைத் தடவிப்பார்க்கிறார்கள். ஒருவராவது, "அருணாசலேசுவரர் இருக்கிறார், அவர் சந்நிதியில் எந்தத் திருடன் கைவைப்பான்?" என்று சும்மா இருந்ததை யாராவது பார்த்ததுண்டா? (சிரிப்பு.) அதே ஒலிபெருக்கியில், அதே போலீசார், "நோய் பரவுகிறது, முகக்கவசம் போடுங்கள்" என்று சொன்னபோது மாத்திரம், "எல்லாம் அவன் பார்த்துக்கொள்ளுவான்" என்று பதில் வந்தது. அப்படியானால் நாலு பவுன் சங்கிலியைக் காப்பாற்றமுடியாத கடவுள் உயிரை மாத்திரம் காப்பாற்றுவார் என்றா அர்த்தம்? பக்தி என்பது செலவில்லாத இடத்தில் மாத்திரம் வருகிற ஒரு சரக்காக இருக்கிறது என்பதைத்தவிர இதற்கு வேறு அர்த்தம் நமக்குத் தோன்றவில்லை.

ஆனால், தோழர்களே! இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது நம் வேலையல்ல. ஜனங்கள் முட்டாள்கள், அதனால் எச்சரிக்கையைக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவது உத்தியோகஸ்தர்களுக்குச் சௌகரியமான பேச்சு. முட்டாள்களாயிருந்தால் சங்கிலியை ஏன் மூடுகிறார்கள்? திருடனைப்பற்றி அவர்களுக்கு அனுபவம் இருக்கிறது. இன்று சங்கிலி போனால் இன்றே தெரிகிறது. கிருமியின் சமாசாரம் அப்படியல்ல. இன்று கூட்டத்தில் நெருங்கி நின்றவனுக்கு இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வியாதி காணலாம், காணாமலும் போகலாம். தனக்கு வியாதி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவன் பிறருக்குக் கொடுத்துவிடுகிறான். தனக்கு ஒன்றும் காணாதவனும் கொடுத்துவிடுகிறான். நெருப்பைத் தொட்ட கை பதினைந்து நாள் கழித்து, அதுவும் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சுடுவதாக இருந்தால், உலகத்தில் எத்தனை பேர் நெருப்புக்குப் பயப்படுவார்கள்?

கணக்கையும் பாருங்கள். ஒருவன் இரண்டு பேருக்குக் கொடுக்கிறான், அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கொடுக்கிறார்கள் என்றால், பத்தாவது சுற்றில் மாத்திரம் 1,024 பேர். முதல் ஐந்து சுற்று வரையில் ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில்தான் எச்சரிக்கை செய்யவேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில்தான் ஜனங்களும் சிரிக்கிறார்கள். எச்சரிக்கையைக் கேட்டு நடந்து, அதனால் வியாதி பரவாமல் நின்றுவிட்டாலோ, "பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை, வீணாகப் பயமுறுத்தினார்கள்" என்று சொல்லுகிறார்கள். ஆகவே எச்சரிக்கை செய்கிறவன் ஜெயித்தாலும் அவனுக்குக் கெட்ட பெயர், தோற்றாலும் கெட்ட பெயர்.

இனி, சர்க்காருடைய யோக்கியதையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7-ந் தேதி தெரியவந்தார். மார்ச் 22-ந் தேதி வீட்டிலிருந்து மாலை 5 மணிக்குக் கைதட்டுங்கள், மணியடியுங்கள் என்று டில்லியிலிருந்து சொன்னார்கள். பல ஊர்களில் ஜனங்கள் கும்பலாகத் தெருவுக்கு வந்து தட்டைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொன்னார்கள். தட்டிலும் விளக்கிலும் என்ன இருக்கிறது என்று கேட்டால், டாக்டர்களுக்கு நன்றி, ஒற்றுமைக்கு அடையாளம் என்று பதில். ஆனால் ஜனங்கள் அதை அப்படியா எடுத்துக்கொண்டார்கள்? ஓசையில் கிருமி செத்துவிடும், வெளிச்சத்தில் கிருமி செத்துவிடும் என்று படித்தவர்களே கைப்பேசியில் எழுதி அனுப்பினார்கள். அதற்கு முன்பே, மார்ச் 14-ந் தேதி, டில்லியில் இந்து மகாசபைக்காரர்கள் கூட்டம் கூட்டி மாட்டு மூத்திரம் குடித்தார்கள்.

மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குச் சொல்லி, நள்ளிரவில் நாடு முழுவதையும் அடைத்தார்கள். நாலு மணி நேரம்! கூலிவேலைக்கு வெளியூர் போனவன் நாலு மணி நேரத்தில் எங்கே போவான், என்ன சாப்பிடுவான் என்று யோசித்தவர்கள் யார்? நூற்றுக்கணக்கான மைல் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்களே, அவர்களெல்லாம் எச்சரிக்கையை மதிக்காதவர்களா?

நம் மாகாணத்திலும் கதை இதுதான். ஏப்ரல் 26 முதல் சென்னை முதலிய நகரங்களில் முழு ஊரடங்கு என்று சொன்னார்கள். சொன்னவுடன் 25-ந் தேதியன்று காய்கறி வாங்க ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வியாதி வராமல் தடுக்கப்போட்ட உத்தரவே வியாதி பரவுவதற்கு வேண்டிய கூட்டத்தைக் கூட்டிக்கொடுத்தது. கோயம்பேடு மார்க்கெட்டை மே 5-ந் தேதி மூடினார்கள். அதற்குள் அங்கே மூட்டை தூக்கினவர்களும் வண்டி ஓட்டினவர்களும் கடலூருக்கும், விழுப்புரத்துக்கும், அரியலூருக்கும், நம் திருவண்ணாமலை ஜில்லாவுக்கும் திரும்பிவிட்டார்கள். அந்த வாரங்களில் இந்த ஜில்லாக்களில் கணக்கு ஏறியதெல்லாம் கோயம்பேட்டுக் கணக்குத்தான். அப்போதே, மே 7-ந் தேதி, சாராயக் கடைகளைத் திறந்தார்கள். கோர்ட்டு மூடச் சொல்லிற்று. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுவரை போய்த் தடையுத்தரவு வாங்கிக்கொண்டு மே 16-ந் தேதி மறுபடியும் திறந்தது. வெளியே வராதே என்று காலையில் சொல்லி, சாராயத்துக்கு வரிசையில் நில் என்று மாலையில் சொல்லுகிற சர்க்காரின் பேச்சை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? 2021-இல் தேர்தல். ஏப்ரல் 6-ந் தேதி ஓட்டுப்பதிவு. அதற்கு முன் எல்லாக் கட்சிக்காரர்களும் (எல்லாக் கட்சிக்காரர்களும் என்பதை அழுத்திச் சொல்லுகிறோம்) லாரி வைத்து ஆள் சேர்த்துக் கூட்டம் போட்டார்கள். மே 21-ந் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. சுடுகாட்டில் இடமில்லாத நாட்கள் அவை.

போலீசாரின் தடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்குமேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் 2020 ஜூன் மாதத்தில் சித்திரவதைப்பட்டு மாண்டார்கள். கொரோனாவிலிருந்து காப்பாற்றுவதற்காகப் போட்ட உத்தரவு இரண்டு உயிரை வாங்கிற்று. இது புதிதுமல்ல. 1897-இல் பூனாவில் பிளேக் வந்தபோது சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து பெண்களைப் பரிசோதித்த ஆத்திரத்தில்தான் ராண்டு துரையைச் சுட்டார்கள். அந்த வருஷத்தில் வெள்ளைக்காரன் செய்த தொத்துநோய்ச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் 2020-லும் நம்மவர்கள் காரியம் பார்த்தார்கள். சட்டம் அதேதான், தடி அதேதான், பிடித்த கை மாத்திரம் வேறு.

ஆகவே சர்க்காரின் எச்சரிக்கையை ஜனங்கள் நம்பாததற்குச் சர்க்காரும் பாதிப் பொறுப்பு. மற்றப் பாதி யாருடைய பொறுப்பு என்பதைச் சொல்லத்தான் இந்த ஊரை உதாரணமாக எடுத்துக்கொண்டோம்.

2020 பங்குனிப் பௌர்ணமி தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருஷகாலம் இங்கே பௌர்ணமிக் கிரிவலம் தடுக்கப்பட்டிருந்தது. 2020 நவம்பர் 29-ந் தேதி கார்த்திகைத் தீபம். வெளியூர் ஜனங்கள் ஒருவரும் வரக்கூடாது, மலைமேல் ஏறக்கூடாது, சுற்றக்கூடாது என்று உத்தரவு. சாமி ஊர்வலம்கூடக் கோவில் மதிலுக்குள்ளேயே சுற்றிற்று. அதாவது சாமிக்கே ஊரடங்கு. உள்ளே அர்ச்சகர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு பூசை செய்தார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அது புத்திசாலித்தனமான காரியம். மூலஸ்தானத்தில் தினமும் நிற்கிறவர்களுக்கே சாமியைவிடத் துணித்துண்டின்மேல் நம்பிக்கை இருந்தது என்பதை மாத்திரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுகிறோம். 2,668 அடி மலையின்மேல் வழக்கம்போல் கொப்பரையில் தீபம் எரிந்தது. பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள் இல்லை. அதனால் என்ன குறைந்துபோயிற்று? தீபத்துக்குப் போகாதவர்களுடைய குடும்பத்துக்குக் கேடுவந்ததா? பிரார்த்தனையை நிறைவேற்றாதவன் கண் போயிற்றா? இருபது வருஷம் விடாமல் வந்துகொண்டிருந்தேன், ஒரு பௌர்ணமி தவறினால் ஆகாது என்று சொன்னவர்களெல்லாம் இருபதுக்கு மேற்பட்ட பௌர்ணமி தவறி, நம் கண்முன் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். பகுத்தறிவுக்காரர்கள் நூறு வருஷமாக மேடைபோட்டுச் சொன்னதை ஒரு கண்ணுக்குத் தெரியாத கிருமி இரண்டு வருஷத்தில் செய்துகாட்டிற்று. ஆனால் ஜனங்கள் அதைக் கவனிக்கவில்லை. 2021-இல் தீபத்துக்குக் கோர்ட்டுவரையில் போய், நாளொன்றுக்கு உள்ளூரார் 5,000, வெளியூரார் 15,000 என்று கிரிவலத்துக்குக் கணக்குப்போட்டு அனுமதி வாங்கியதுதான் நடந்தது. 5,001-ஆவது பக்தனுக்கு மோட்சம் உண்டா இல்லையா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கிரிவலத் தடையால் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் பக்தர்களல்ல. பாதையோரத்தில் பூ விற்றவள், கற்பூரம் விற்றவன், சுண்டல் விற்றவன், ஆட்டோ ஓட்டினவன், அன்னதானத்தை நம்பி அங்கே கிடந்த காவி கட்டினவர்கள், கட்டாதவர்கள், குஷ்டரோகிகள், பிள்ளைகள் கைவிட்ட கிழவர்கள். தடையுத்தரவு போட்ட காகிதத்தில் இவர்களுக்குச் சோறு எங்கே என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த உத்தரவுக்கு மரியாதை இருந்திருக்கும். கோவிலைத் திற என்று ஆர்ப்பாட்டம் செய்தவர்களும் சாமியின் பெயரைச் சொன்னார்களே ஒழிய, இந்தச் சுண்டல்காரனின் பெயரைச் சொல்லவில்லை.

மற்ற மதக்காரர்கள் கதையும் இதுதான். 2020 மார்ச்சில் டில்லியில் தப்லீக் ஜமாத்தார் கூடினார்கள். கூடியது தவறு, கூடியவர்களுக்கு வியாதியும் வந்தது. அதைக் காரணமாக வைத்துக்கொண்டு முஸ்லிம் காய்கறிக்காரனைத் தெருவில் விடாதே என்று சில ஊர்களில் விரட்டினார்கள். கடைசியில் அந்த வருஷம் ஆகஸ்டில் பம்பாய் ஹைக்கோர்ட்டின் அவுரங்காபாத் கிளை, அவர்களைப் பலியாடுகளாக ஆக்கினார்கள் என்று சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஹரித்துவாரில் கும்பமேளா. லட்சம் லட்சமாகக் கங்கையில் முழுகினார்கள். கடவுள் நம்பிக்கை கொரோனா பயத்தை ஜெயித்துவிடும் என்று அந்த மாகாண முதல்மந்திரியே சொன்னார். அப்போது கங்கைக்குப் போய்வந்தவனை யாராவது தெருவில் விரட்டினார்களா? கிருமிக்கு மதமில்லை, ஆனால் நம்முடைய பயத்துக்கு இருக்கிறது.

இப்போது ஒரு பெரிய புரட்டைப்பற்றிச் சொல்லவேண்டும். "தள்ளி நில், தொடாதே, கைகால் கழுவு என்று இன்று டாக்டர்கள் சொல்லுவதைத்தானே எங்கள் பெரியோர்கள் ஆசாரம், மடி, தீட்டு என்று அன்றே சொன்னார்கள்? பார்த்தீர்களா சாஸ்திரத்தின் பெருமையை!" என்று வைதீகர்கள் அப்போது எழுதினார்கள், பேசினார்கள். நம்மவர்களிலும் சிலர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். தோழர்களே! டாக்டர் சொல்லும் தூரம், வியாதிக்காரனுக்கும் வியாதியில்லாதவனுக்கும் இடையிலே. சாஸ்திரம் சொன்ன தூரம், பிறப்புக்கும் பிறப்புக்கும் இடையிலே. வியாதிக்காரனுடைய தூரம் பதினான்கு நாளில் தீர்ந்துபோகும். பள்ளன், பறையன், சக்கிலி என்று ஒதுக்கப்பட்டவனுடைய தூரம் அவன் செத்தும் தீரவில்லை, சுடுகாடும் வேறு. டாக்டர் முறையில் மந்திரிக்கும் தோட்டிக்கும் ஒரே தூரம். சாஸ்திர முறையில் தோட்டி மாத்திரம் தள்ளிநிற்கவேண்டும். கக்கூசைக் கழுவி ஊரைச் சுத்தமாக வைத்திருப்பவன் தீண்டத்தகாதவன், அந்தக் கக்கூசை அசிங்கப்படுத்தினவன் சுத்தமானவன் என்பது எந்தக் கிருமி சாஸ்திரத்தில் இருக்கிறது? எல்லோரும் இறங்கி முழுகி, வாய் கொப்பளித்து, அதையே தீர்த்தமென்று குடிக்கிற குளத்தைப் புனிதமென்று சொன்ன சாஸ்திரமா சுகாதாரம் சொல்லிக்கொடுத்தது? காலராக் கிருமியை 1884-இல் காக் என்ற ஜெர்மானிய டாக்டர் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் கண்டுபிடித்தார் என்பதை இவர்கள் ஏன் சொல்லுவதில்லை? திருவிழா என்றால் காலரா என்று இருந்த காலத்தில், 1939-இல் சென்னை மாகாணம் பொதுச்சுகாதாரச் சட்டம் ஒன்று செய்து, திருவிழாக்களுக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் அதில் வைக்கவேண்டியிருந்தது. ஆசாரத்தினால் வியாதி நின்றிருந்தால் அந்த அத்தியாயத்துக்கு என்ன அவசியம்?

தீண்டாமை புத்தி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்லுகிறோம். கொரோனாவில் இறந்த சென்னை நரம்பியல் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை 2020 ஏப்ரல் 19-ந் தேதி இரவு புதைக்கக் கொண்டுபோனபோது, எங்கள் பக்கத்தில் புதைக்காதே என்று கும்பல் கூடிக் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. பிணம் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. ஆழக் குழியில் புதைத்த உடலிலிருந்து வியாதி வராது. ஆனால் அந்தக் கும்பலில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு நின்றார்கள். வியாதி எங்கிருந்து வருமோ அதைச் செய்துகொண்டு, எங்கிருந்து வராதோ அதை அடித்தார்கள். அதே வருஷத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், பூத்தூவினார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் வேலைக்காகப் பல நாள் உட்கார்ந்திருந்த அந்தப் பணியாளர்களை நள்ளிரவில் போலீசார் அப்புறப்படுத்தினார்கள். மாலை வாடுவதற்கு ஐந்து வருஷம் பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாமியார்கள் இந்தச் சமயத்தில் சும்மா இருப்பார்களா? கோயமுத்தூர் இருகூரில் ஓர் ஆதீனத்தார் 2021 மே மாதத்தில் "கொரோனா தேவி" என்று ஒரு சிலையே செய்துவைத்து யாகம் நடத்தினார்கள். கோயமுத்தூருக்கு இது பழக்கம். பிளேக் வந்த காலத்தில் உண்டான பிளேக் மாரியம்மன் கோவில் அங்கே இன்றும் இருக்கிறது. வியாதிக்கெல்லாம் ஓர் அம்மனை உண்டாக்கினால், அம்மை நோய்க்கு மாரியம்மனை வைத்து ஆயிரக்கணக்கான வருஷம் கூழ் ஊற்றினோமே, போயிற்றா? ஊசியினால் போயிற்று. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை ஒருவருக்கும் காணவில்லை. 1980-இல் உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். மாரியம்மனுக்கு மாத்திரம் இன்னும் கூழ் ஊற்றுகிறோம்.

இதிலே ஒரு வேடிக்கை. நூறு வருஷத்துக்கு முன்னல்ல, இருநூறு வருஷத்துக்கு முன்பு, சென்னையில் எல்லிஸ் துரை என்ற உத்தியோகஸ்தர் இருந்தார், திருக்குறளில் ஈடுபாடுள்ளவர். அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் மறுப்பதைப் பார்த்து, மாட்டம்மைப் பாலின் மகிமையைச் சக்தியே தன்வந்திரிக்கு எடுத்துச் சொன்னதாக ஒரு கதை தமிழில் எழுதினார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஆனாலும் இந்த வழியை நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. சாமி சொல்லிற்று என்பதற்காக ஊசி போட்டுக்கொண்டவன், நாளைக்கு வேறொரு சாமியார் வேண்டாம் என்றால் விட்டுவிடுவான். காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் நேரமாகும். ஆனால் கொடுத்ததைப் பிறர் பிடுங்கமுடியாது.

எச்சரிக்கை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இந்த மலையையே பாருங்கள். 2024 டிசம்பர் 1-ந் தேதி மாலை, புயல் மழையில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள், ஐந்து பேர் குழந்தைகள். அந்த மாதம் 13-ந் தேதி தீபம். நிபுணர்கள் மலையைப் பார்த்துவிட்டு, மண் இளகியிருக்கிறது, ஜனங்கள் ஏறக்கூடாது என்றார்கள். ஜனங்கள் பெரும்பாலும் கேட்டார்கள். ஏன்? பாறை விழுந்ததை ஊரே பார்த்தது, காரணம் எல்லோருக்கும் விளங்கிற்று, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே உத்தரவாக இருந்தது. ஆனால் அந்த மலைச்சரிவில் வீடு கட்டிக் குடியிருப்பவனிடம் "இடம் ஆபத்து, போய்விடு" என்று சொன்னால் அவன் எங்கே போவான்? ஆபத்து தெரியாமலா அவன் அங்கே இருக்கிறான்? கீழே ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று கேட்டுப்பாருங்கள். அவனுக்கு வேறு இடம் கொடுக்காமல் எச்சரிக்கை மாத்திரம் கொடுத்தால் அது எச்சரிக்கையல்ல, பிற்பாடு "நாங்கள் சொன்னோமே" என்று காட்டுவதற்காக வைத்துக்கொண்ட ரசீது.

இரண்டு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. அவற்றுக்குப் பதில் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.

முதல் சீட்டில், "தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாளே நடிகர் விவேக் விழுந்துவிட்டாரே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. கேட்டது குற்றமல்ல. 2021 ஏப்ரல் 15-ந் தேதி அவர் ஊசி போட்டுக்கொண்டார், 17-ந் தேதி இறந்தார். அவருடைய இருதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று முழுவதும் அடைபட்டிருந்ததாக அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர்கள் சொன்னார்கள். அது ஒரு நாளில் ஏற்படுகிற காரியமல்ல. பிறகு விசாரித்த மத்திய சர்க்கார் கமிட்டியும் சாவுக்கு ஊசி காரணமல்ல என்று சொல்லிற்று. ஆனால் அந்த முடிவு வெளியே வந்தது அக்டோபரில். வதந்தி புறப்பட்டது ஏப்ரலில். அந்த ஆறு மாதத்தில், ஊசிக்குப் பயந்து வீட்டிலிருந்து, இரண்டாவது அலையில் போனவர்கள் எத்தனை பேரோ! கமிட்டி ஏப்ரலிலேயே வாயைத் திறந்திருக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இரண்டாவது சீட்டு: "நீங்கள் சர்க்காரையும் திட்டுகிறீர்கள், சாமியையும் திட்டுகிறீர்கள், அடுத்த தடவை எச்சரிக்கை வந்தால் நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?" சர்க்கார் சொன்னதற்காகக் கேட்காதீர்கள், நாம் சொன்னதற்காகவும் கேட்காதீர்கள். எத்தனை பேருக்குக் கண்டிருக்கிறது, எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள், போன வாரம் எத்தனை, இந்த வாரம் எத்தனை என்று ஜில்லா ஆஸ்பத்திரியின் கணக்கைக் கேளுங்கள். கணக்கைத் தினமும் ஊர் நடுவில் பலகையில் எழுதிப்போடு என்று மாநகராட்சியைக் கேளுங்கள். எழுதிப்போட மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். கணக்கு ஏறுகிறது என்று கண்டால், உங்கள் வீட்டில் எழுபது வயதுக் கிழவி ஒருத்தி இருப்பாளே, அவளைப் பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவள் கட்டாயம் போவேன் என்றால், சங்கிலியை மூடுகிற முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.